மூன்று நாளில் ஒரு வருஷம்! காயல் வானத்தில் ஒரு கொதிக்கும் கோள்

2010 ஜனவரி 15, வெள்ளிக்கிழமை. பொங்கலுக்கு மறுநாள். மதியம் ஒன்றே கால் மணி வாக்கில், கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரம் வரை தென்கோடிக் கரை முழுக்க வெயிலின் நிறம் மாறியது. உச்சிப்பொழுது, ஆனால் அந்தி மாதிரி ஒரு மங்கல். காயல்பட்டினமும் அந்தப் பாதையில்தான் இருந்தது. கிரகணக் கண்ணாடி போட்டு அண்ணாந்து பார்த்தவர்களுக்குச் சூரியன் ஒரு தங்க வளையலாகத் தெரிந்தது. தனுஷ்கோடியில் அந்த வளையல் பத்து நிமிடத்துக்கும் மேல் நின்றது.

வளையலின் நடுவில் இருந்த கறுப்புதான் நிலா. அன்று அமாவாசை, நிலாவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அது சூரியனை மறைத்ததால் மட்டுமே அங்கே ஒன்று இருப்பது தெரிந்தது.

ரமலானுக்கும் பெருநாளுக்கும் மேற்கு வானத்தில் மெல்லிய பிறையைத் தேடிப் பழகிய ஊர் காயல்பட்டினம். வானத்தில் ஒன்றைத் தேடுவது எவ்வளவு சிரமம், தெரிந்ததா இல்லையா என்பதில் எவ்வளவு விவாதம் வரும் என்பதெல்லாம் அந்த ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போது அதே வானத்தில், யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு கோளைப் பற்றிப் பார்ப்போம். அது தன் சூரியனை மூன்று நாள் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மறைக்கிறது. மறைக்கும் ஒளியோ அரை சதவீதம்கூட இல்லை. அதைக் கண்டுபிடித்து உறுதி செய்தவர்கள் ராஜஸ்தானின் அபு மலையில் இருந்த இந்திய விஞ்ஞானிகள்.

பெயர்தான் வாயில் நுழையாது: டி.ஓ.ஐ-1789பி.

கட்டுமரம் போல மிதக்கும்!

நம் வீடுகளில் வருடத்துக்கு ஒருமுறை குருப்பெயர்ச்சி வரும். வியாழன் சூரியனை ஒரு சுற்று சுற்ற ஏறக்குறைய பன்னிரண்டு வருடம் ஆவதால், ஒரு ராசிக்கு ஒரு வருடம் என்று கணக்கு. இந்த 1789பி-யும் வியாழன் இனத்தைச் சேர்ந்ததுதான். தரை கிடையாது, முழுக்க வாயு. ஆனால் அது தன் சூரியனைச் சுற்றி முடிக்க ஆகும் நேரம் 3.2 நாள்தான். பன்னிரண்டு ராசிக்கும் பங்கு போட்டால் ஆறரை மணி நேரத்துக்கு ஒரு பெயர்ச்சி. அங்கே ராசிபலன் எழுதுகிறவருக்குத் தூக்கம் என்பதே கிடையாது.

இத்தனை வேகம் ஏன்? அவ்வளவு நெருக்கம். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தில் இருபதில் ஒரு பங்கு தொலைவில் அது சுற்றுகிறது. நம் சூரியக் குடும்பத்தில் சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது புதன். அதைவிடவும் ஏழெட்டு மடங்கு நெருக்கம் இது. அதன் சூரியனும் சாதாரணமானது இல்லை, நம் சூரியனைவிட ஒன்றரை மடங்கு எடை, இரண்டு மடங்குக்கும் மேல் அகலம். அந்தக் கோளில் நின்று பார்க்க முடிந்தால் (முடியாது) வானத்தில் சூரியன் நமக்குத் தெரிவதைப்போல நாற்பது மடங்கு அகலத்துக்கு விரிந்திருக்கும்.

சூடு எவ்வளவு? சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வரை. இரும்பு உருக 1,538 டிகிரி போதும்.

இப்படிச் சூரியனை ஒட்டிச் சுற்றும் ராட்சத வாயுக் கோள்களுக்கு ‘வெப்ப வியாழன்’ என்று பெயர். 1789பி-யின் எடை நம் வியாழனில் எழுபது சதவீதம்தான். அப்படியும் பூமியைப்போல் இருநூறு மடங்குக்கு மேல். அகலமோ வியாழனைவிட 1.4 மடங்கு அதிகம், பூமிகளை வரிசையாக அடுக்கினால் பதினாறு பிடிக்கும். எடை குறைவு, உடம்பு பெரிது. பக்கத்துச் சூரியனின் வெக்கை பூரியை உப்ப வைப்பதுபோல அதை உப்ப வைத்திருக்கிறது. எந்த வழியில் அந்த வெக்கை உள்ளே இறங்குகிறது என்பதில் விஞ்ஞானிகளிடம் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆக அதன் அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைத் தாங்குமளவுக்கு ஒரு கடல் இருந்தால், கட்டுமரம் மாதிரி மிதக்கும்.

ஒளி புறப்பட்டபோது காயல் எப்படி இருந்தது?

அந்தச் சூரியன் நம்மிடமிருந்து சுமார் 725 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒரு ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் கடக்கும் தூரம். அப்படியென்றால் 2020-ம் ஆண்டுக் கடைசியில் அபு மலைத் தொலைநோக்கியில் விழுந்த ஒளி, அங்கிருந்து கிளம்பியது 13-ம் நூற்றாண்டின் கடைசியில்.

அந்தக் காலத்தில் இந்தக் கரை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 1290-களில் இந்தப் பக்கமாக வந்தார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகள் ஏற்றி வரும் கப்பல்கள் ‘காயல்’ துறைமுகத்தில் கூடுவதைப் பற்றி எழுதினார். அவர் சொன்ன காயல் இன்றைய பழைய காயலா, காயல்பட்டினமா என்ற வாதம் நெடுநாளாக ஓடுகிறது. எதுவானாலும் ஒரே கரையில் அடுத்தடுத்த ஊர்கள். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். சுறாக்கள் முத்துக்குளிப்பவர்களை நெருங்காமல் மந்திரம் போடுகிறவர்களுக்கு, கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு கூலி என்றுகூடக் குறித்து வைத்தார்.

அந்த முத்துக்குளிப்பைத் தெரிந்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத கோளைக் கண்டுபிடிக்கும் முறை சட்டென்று விளங்கும்.

கயிறு பிடித்தவருக்குத் தெரியும்

முத்துப்பாருக்கு மேலே வள்ளம் நிற்கும். குளிப்பவர் கனமான கல்லைத் துணையாகக் கொண்டு ஆறேழு பாகம் ஆழத்துக்கு இறங்குவார். மூச்சு அடக்கி, கையில் அகப்பட்ட சிப்பிகளைக் கூடையில் போடுவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிறு பிடித்து நிற்பார். அவருக்குக் கீழே எதுவும் தெரியாது. கயிறு சுண்டினால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நொடி கவனம் பிசகினாலும் கீழே இருப்பவரின் உயிர் போய்விடும். அதனால்தான் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள், தன் சகோதரி தாலி அறுக்க எவனும் விடமாட்டான் என்று இந்தக் கரைப்பக்கம் சொல்வார்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சொல் மட்டும் நிற்கிறது.

நட்சத்திரமும் கோளும் இப்படித்தான். நட்சத்திரம் கோளை இழுக்கிறது என்பது நமக்குத் தெரியும். கோளும் நட்சத்திரத்தைக் கொஞ்சம் இழுக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். கோள் ஒரு பக்கம் வரும்போது நட்சத்திரம் இம்மி அந்தப் பக்கம் அசையும், மறுபக்கம் போனால் இந்தப் பக்கம். கோள் தெரியாவிட்டாலும் நட்சத்திரத்தின் அசைவு அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த அசைவை எப்படி அளப்பது? ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் சத்தம் கீச்சென்று உயர்ந்தும், தாண்டிப் போனதும் தணிந்தும் கேட்கும். ஒளியிலும் அதுவே நடக்கிறது. நட்சத்திரம் நம் பக்கம் நகர்ந்தால் அதன் நிறமாலை துளி நீலப்பக்கம் நகரும், விலகினால் சிவப்புப்பக்கம். 1789பி தன் நட்சத்திரத்தை ஆட்டும் வேகம் வினாடிக்கு எழுபது மீட்டர் சொச்சம். விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பும் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளியின் வேகமோ வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்தை, 725 ஒளியாண்டு தூரத்திலிருந்து வரும் ஒளியில் பிடிக்க வேண்டும்.

இன்னொரு வழி, காயல்காரர்கள் 2010-ல் பார்த்த வழி. கோள் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது ஒளி சற்றே குறையும். எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் கோளின் அகலம் தெரியும். ஆட்டம் எவ்வளவு என்று பார்த்தால் எடை தெரியும். இரண்டும் கிடைத்தால்தான் அது பாறையா, வாயுவா, உப்பியதா, இறுகியதா என்று சொல்ல முடியும். ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்து போகலாம். இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைத்தாலும் ஒளி குறையத்தான் செய்யும்.

ஏமாந்த கதை ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது.

நுங்கம்பாக்கத்தில் ஒரு தவறான கோள்

நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. புயல் செய்தி சொல்லும் அந்த அலுவலகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 1792-ல் கட்டப்பட்ட மெட்ராஸ் வானாய்வகத்தின் மிச்சம்தான் அந்தத் தூண். தமிழிலும் கல்வெட்டு உண்டு.

1855-ல் அந்த வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். ‘70 ஒபியூக்கி’ என்ற இரட்டை நட்சத்திரத்தை அவர் கவனித்துவந்தார். இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் பாதை கணக்கில் சொன்னபடி இல்லை, சற்று தடுமாறியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருந்து இழுக்கிறது, அதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று அவர் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் இதழில் எழுதினார். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள் இருப்பதாக அளவீடுகளைக் காட்டி அறிவியல் உலகில் எழுந்த முதல் உரிமைகோரல்களில் ஒன்று இது. எழுந்த இடம் சென்னை.

கோள் இல்லை. அப்படி ஒரு கோள் அங்கே இருந்தால் அதன் பாதை நிலைத்திருக்காது என்று 1899-ல் அமெரிக்காவின் ஃபாரஸ்ட் மோல்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் காலத்துக் கருவிகளால் அளக்கக்கூடிய அளவைவிட நுணுக்கமான ஒன்றை ஜேக்கப் தேடியிருந்தார். கயிறு சுண்டியது என்று நினைத்தார், சுண்டியது அலை. ஆனாலும் அவரைக் கேலி செய்ய மனம் வரவில்லை. தேடிய வழி சரி. கயிறுதான் போதவில்லை.

இந்தக் கரையில் இன்னொருவரும் ஏமாந்தார், அவர் மேகத்திடம். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760-ல் பிரான்சிலிருந்து கிளம்பியவர் கியோம் லெ ஜந்தில். 1761-ல் கடப்பு நடந்தபோது புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்ததால் நடுக்கடலில் கப்பலாட்டத்தில் மாட்டிக்கொண்டார். அடுத்த கடப்புக்கு எட்டு வருடம் இந்தியப் பெருங்கடல் பக்கமே காத்திருந்து, 1769 ஜூனில் புதுச்சேரியில் கருவிகளோடு தயாராக நின்றார். சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால் அவர் செத்துவிட்டதாகவே முடிவு கட்டியிருந்தார்கள். ஒரே ஆறுதல், புதுச்சேரியில் இருந்த நாளில் நம்மவர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று, அதைப் பிரான்சுக்கு எடுத்துப் போனார்.

தேடாத இடத்தில் கிடைத்தது

வெப்ப வியாழன் என்ற ஒன்று இருக்க முடியும் என்று 1952-லேயே சொன்னவர் ஓட்டோ ஸ்ட்ரூவே. யாரும் சட்டை செய்யவில்லை. நம் வீட்டில் அம்மிக்கல் எங்கே இருக்கிறதோ, எல்லா வீட்டிலும் அங்கேதான் இருக்கும் என்பது போன்ற நம்பிக்கை. நம் சூரியக் குடும்பத்தில் பெரிய கோள்கள் வெளிவட்டத்தில் இருக்கின்றன, பல வருடம் எடுத்துச் சுற்றுகின்றன. மற்ற இடத்திலும் அப்படித்தானே? எனவே கோள் தேடியவர்கள் பல வருட ஆட்டத்தைத் தேடினார்கள்.

1995 அக்டோபரில் ஸ்விட்சர்லாந்தின் மிஷெல் மேயரும் அவர் மாணவர் டிடியே க்வெலோவும் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ‘51 பெகாசி’ என்ற நட்சத்திரத்தை வியாழனில் பாதி எடையுள்ள ஒரு கோள் சுற்றுகிறது. எத்தனை நாளில்? 4.2 நாளில். கேட்டவர்கள் முதலில் நம்பவில்லை. கலிஃபோர்னியாவில் போட்டிக் குழு ஒன்று அவசரமாக அந்த நட்சத்திரத்தைப் பார்த்தது, ஆட்டம் இருந்தது! அந்தக் குழுவிடம் பல வருட அளவீடுகள் கணினியில் ஏற்கெனவே கிடந்தன. முழுதாக அலசாமல் வைத்திருந்தார்கள். பிறகு அதே கோப்புகளைத் திறந்து பார்த்தபோது புதிய கோள்கள் கிடைத்தன.

மேயருக்கும் க்வெலோவுக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்ட்ரூவே 1963-லேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவு பெரிய வாயுக் கோள் அவ்வளவு நெருப்புக்கு அருகில் உருவாகியிருக்காது, தூரத்தில் பிறந்து உள்ளே நகர்ந்து வந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்று பெரும்பாலோர் கருத்து. இன்று நமக்குத் தெரிந்த வெளிக்கோள்கள் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஆனாலும் வெப்ப வியாழன்கள் அபூர்வம், சூரியனைப் போன்ற நூறு நட்சத்திரங்களில் ஒன்றில் இருந்தாலே அதிகம்.

அபு மலையில் ஒரு பரிசக்கல்

விக்ரம் சாராபாய் 1947-ல் அகமதாபாத்தில் தொடங்கிய இயற்பியல் ஆய்வுக்கூடம், அபு மலையின் குருசிகர் உச்சியில் ஒரு தொலைநோக்கியை வைத்திருக்கிறது. அதன் கண்ணாடி 1.2 மீட்டர் அகலம். உலகத் தரத்தில் சின்னதுதான். அதனுடன் ‘பாரஸ்’ என்ற நிறமாலைக் கருவியைப் பேராசிரியர் அபிஜித் சக்ரவர்த்தியின் குழு பொருத்தியது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்த பெயர் அது. ஆனால் வடநாட்டுப் பேச்சில் பாரஸ் என்றால், தொட்டால் இரும்பு பொன்னாகும் கல்!

நாசா 2018-ல் அனுப்பிய ‘டெஸ்’ விண்கலம் வானம் முழுவதையும் பார்த்து, ஒளி குறையும் நட்சத்திரங்களைச் சந்தேகப்பட்டியலில் போட்டுக்கொண்டே போகிறது. அந்தப் பட்டியலின் ஆங்கிலச் சுருக்கம்தான் டி.ஓ.ஐ. அதில் 1789-வது நபரை பாரஸ் குழு விசாரணைக்கு எடுத்தது. 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை அபு மலையிலிருந்து அளந்தார்கள். மழைக்காலம் தொடங்கினால் அபு மலையில் தொலைநோக்கியைத் திறக்கவே முடியாது, எனவே தெளிவான குளிர்கால இரவுகளுக்கு மதிப்பு அதிகம். நாட்டில் கொரோனா பீதி வேறு. ஏப்ரலில் ஜெர்மனியின் ஒரு தொலைநோக்கியும் அதே நட்சத்திரத்தை அளந்து உறுதி செய்தது. ஒளி குறைவதையும் குழுவினர் அபு மலையிலிருந்த 43 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் தாமே பார்த்தார்கள். மறைப்பும் ஆட்டமும், இரண்டும் சேர்ந்தன. 2021 நவம்பரில் அறிவித்தார்கள்.

166 வருடத்துக்கு முன் சென்னையில் சரியாக அமையாமல் போனது, அபு மலையில் அமைந்தது. அதுவும் பிரம்மாண்ட கருவிகள் இல்லாமல்.

அந்த ஆய்வுக்கூடம் அதோடு நிற்கவில்லை. 2023-ல் வியாழனைப்போல் பதின்மூன்று மடங்கு எடையுள்ள ஒரு கோளை அறிவித்தது. இப்போது 2.5 மீட்டர் தொலைநோக்கியும் ‘பாரஸ்-2’வும் வந்துவிட்டன. 2024-ல் நான்காவது கோளும் கணக்கில் சேர்ந்தது.

இந்தியா பெயர் வைத்த கோள்

1789பி-க்கு இன்னும் செல்லப்பெயர் கிடையாது. ஆனால் இன்னொரு வெப்ப வியாழனுக்கு இந்தியா பெயர் வைத்திருக்கிறது. சர்வதேச வானியல் ஒன்றியம் 2019-ல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கோளையும் ஒதுக்கி, பெயர் சூட்டச் சொன்னது. இந்தியாவுக்கு வந்தது 2006-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு கோள். வியாழனைவிட ஒன்றரை மடங்கு எடை, இரண்டே நாள் சொச்சத்தில் ஒரு சுற்று. சூரத்தின் கல்லூரி மாணவர் ஒருவரும் புனேயின் பள்ளி மாணவர் ஒருவரும் அனுப்பிய பெயர்கள் தேர்வாயின. நட்சத்திரம் ‘பிபா’, கோள் ‘சந்தமசா’. சந்தமசா என்றால் சமஸ்கிருதத்தில் மேகம் மூடியது. லெ ஜந்திலுக்குக் கொடுத்திருக்க வேண்டிய பெயர்!

பிபா என்பது பிபா சௌத்ரியின் பெயர். 1913-ல் பிறந்த இயற்பியலாளர். டார்ஜிலிங் மலையில் புகைப்படத் தகடுகளை வைத்து, விண்ணிலிருந்து வரும் கதிர்கள் அதில் விட்டுச்சென்ற கோடுகளைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களைத் தேடியவர். போர்க்காலத்தில் நல்ல தகடுகள் கிடைக்காததால் வேலை பாதியில் நின்றது. பிறகு அதே வழியில் போன இங்கிலாந்தின் செசில் பவலுக்கு 1950-ல் நோபல் கிடைத்தது. பிபா சௌத்ரி பின்னாளில் பணியாற்றிய இடங்களில் அந்த அகமதாபாத் ஆய்வுக்கூடமும் ஒன்று. 1991-ல் அவர் காலமானபோது பெரும்பாலோருக்கு அவரைத் தெரியாது. இன்று சுமார் 340 ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு அவர் பெயர்.

அந்தக் கோள்களின் கதி?

சூரியனை ஒட்டிக் குடியிருப்பதற்கு விலை உண்டு. ‘வாஸ்ப்-12பி’ என்ற வெப்ப வியாழன் 26 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. அந்த நேரம் வருடத்துக்கு வருடம் நொடியில் சில நூறில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வருவதை அளந்திருக்கிறார்கள். சுழித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. சுமார் முப்பது லட்சம் வருடத்தில் அதன் கதை முடிந்துவிடும்.

1789பி-யின் சூரியனும் இளமையைத் தாண்டிவிட்டது. வயதாக ஆக அது இன்னும் பருக்கும், பக்கத்தில் இருப்பதை விழுங்கும். கோள் இப்போது உப்பியிருப்பதும், அதன் நட்சத்திரம் பருக்கத் தொடங்கியிருப்பதும்தான் இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பு. வயதான நட்சத்திரத்தை இவ்வளவு நெருங்கிச் சுற்றும் கோள்கள் அறிவிக்கப்பட்ட சமயத்தில் பத்துக்கும் குறைவாகவே தெரிந்திருந்தன. நம் சூரியனுக்கும் ஐந்நூறு கோடி வருடம் கழித்து இந்தப் பருவம் வரும். அப்போது புதன் என்ன பாடுபடும் என்பதற்கு இப்போதே ஒரு மாதிரி கிடைத்திருக்கிறது.

மகத்துக்கு வடக்கே ஒன்றரை முஷ்டி

இரண்டு கோள்களின் இருப்பிடத்தையும் காயல்பட்டினம் கடற்கரையில் நின்றே காட்டலாம். மார்ச் கடைசியில், இரவு பத்து மணி வாக்கில், நிலா இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். பூங்கா விளக்குகளை விட்டுச் சற்றுத் தள்ளி, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். கைப்பேசியை அணைத்துப் பையில் போடுவது முக்கியம். பிறகு நேராக அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே பளிச்சென்று ஒரு வெண்ணீல நட்சத்திரம் இருக்கும். அதுதான் மகம், சிம்மத்தின் நெஞ்சு. மாசி மகத்துக்குக் கடலாடப் போகிறவர்களுக்குப் பெயராவது பழக்கம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் காயலில் அது உச்சிக்கே வருகிறது, டெல்லியில் தெற்கே சரிந்திருக்கும்.

கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது வானத்தில் சுமார் பத்து டிகிரி. மகத்திலிருந்து வடக்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து ஒன்றரை முஷ்டிக்குச் சற்று மேல் போனால் 1789-இன் இடம், சிங்கத்தின் தலைமாட்டில். தெற்கே ஒன்றரை முஷ்டி போனால் பிபாவும் சந்தமசாவும். வெறுங்கண்ணுக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுமே தெரியாது. நல்ல இருவிழிக் கண்ணாடி, கூடவே ஒரு நட்சத்திர வரைபடம் இருந்தால் பிபாவை ஒரு புள்ளியாகப் பிடித்துவிடலாம். மற்றதற்குச் சின்னத் தொலைநோக்கி வேண்டும்.

கோள் தேடவே ஆசையா? அதற்குக் கடற்கரையும் வேண்டாம். டெஸ் விண்கலத்தின் அளவீடுகள் எல்லோருக்கும் இலவசம். ‘பிளானட் ஹன்டர்ஸ் டெஸ்’ என்ற இணையத் திட்டத்தில் கைப்பேசியிலேயே நட்சத்திரங்களின் ஒளி வரைபடங்களைப் பார்த்து, எங்கே பள்ளம் விழுகிறது என்று குறிக்கலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் வேலை கண்ணுக்குத்தான். கணினி தவறவிட்ட கோள்களைப் பொதுமக்கள் பிடித்துக்கொடுத்திருக்கிறார்கள்.

காயல்பட்டினத்திலிருந்து தெற்கே, திருச்செந்தூரைத் தாண்டினால் குலசேகரப்பட்டினம். மார்க்கோ போலோ வந்த காலத்தில் ஆண்ட குலசேகர பாண்டியனின் பெயர் அது என்பார்கள். அங்கே இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். சிறிய ராக்கெட்டுகள் அங்கிருந்து தெற்குக் கடலுக்கு மேலே கிளம்பும். காயல் கடற்கரையில் சாயங்காலம் காற்று வாங்க வரும் பிள்ளைகள் அந்த நெருப்பைப் பார்த்து, “வாப்பா, அது எங்கே போகுது?” என்று கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. ராக்கெட்டைக் காட்டிவிட்டு, அப்படியே விரலை உயர்த்தி மகத்துக்கு வடக்கே இருக்கும் அந்த வெற்றிடத்தையும் காட்டலாம். அங்கே மூன்று நாள் ஐந்து மணிக்கு ஒருமுறை ஒரு கிரகணம் நடந்துகொண்டிருக்கிறது.